கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறா பார்ப்பது: போகலாமா, வேண்டாமா?

கேள்வி, 2024 ஜூலை 6

ஆகஸ்ட் கடைசியில் மனைவி, 14 வயதுப் பையனோடு கேப் டவுன் போகிறோம். வெள்ளைச் சுறா பார்த்தே ஆகணும் என்று பையன் பிடிவாதம் பிடிக்கிறான். கான்ஸ்பாய் என்ற ஊரில் கூண்டில் இறக்கிக் காட்டுகிறார்களாம். ஆனால் என் நண்பர், கயிற்றில் மீன் தலையைக் கட்டி இழுத்துச் சுறாவை வரவழைப்பதெல்லாம் சர்க்கஸ், காசுக்குப் பிடித்த கேடு என்கிறார். போனவர்கள் யாராவது உள்ளதைச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 6, இரவு

நான் போயிருக்கிறேன். வேலைக்காக மூன்று வருடம் கேப் டவுனில் இருந்தேன், 2016 ஆகஸ்டில் போனேன். அங்கிருந்து ஹெர்மனஸ் வழியாக கான்ஸ்பாய்க்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், படகு ஏறுவது பக்கத்தில் க்ளைன்பாய் என்ற சின்னத் துறைமுகத்தில். எதிரே டயர் தீவு, அதை ஒட்டி கீசர் ராக் என்ற பாறைத்திட்டு. அந்தத் திட்டில் சுமார் 60,000 கடல்நாய்கள் இருக்கின்றன. காற்று நம் பக்கம் திரும்பினால் அந்த வாடை முகத்தில் அறையும், காசிமேட்டில் வளர்ந்தவர்கூட மூக்கைப் பொத்துவார். இரண்டுக்கும் நடுவில் ஓடும் கால்வாயைத்தான் ஷார்க் ஆலி என்பார்கள். கடல்நாய்க் குட்டி நீந்தப் பழகும் குளிர்காலத்தில் வெள்ளைச் சுறாவும் அப்போதெல்லாம் அங்கே வந்து நிற்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இதற்கு டைவிங் தெரிந்திருக்க வேண்டாம், சிலிண்டரும் கிடையாது. படகின் பக்கவாட்டில் கம்பிக் கூண்டைக் கட்டியிருப்பார்கள், அதன் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியிலேயே இருக்கும். வெட்சூட், மாஸ்க், இடுப்பில் ஈய எடை, அவ்வளவுதான். தலையை வெளியே வைத்துக்கொண்டு உள்ளே நிற்போம். மேலே இருக்கும் ஆள் "டவுன், டவுன் லெஃப்ட்!" என்று கத்தியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி இடது பக்கம் பார்க்க வேண்டும்.

முதல் நான்கு முறை முங்கினேன், பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. குளிரில் தாடை தந்தி அடித்தது. ஐந்தாவது முறை, பச்சை ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்தது, அப்புறம் அதற்கு ஒரு முகம் வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. வாயை லேசாகத் திறந்தபடி, என் முழங்கையிலிருந்து ஒரு முழ தூரத்தில், கூண்டை ஒட்டியே கடந்து போனது. செவுளின் ஐந்து பிளவுகள், அப்புறம் மரக்கட்டை போல உருண்டு திரண்ட உடம்பு, எவ்வளவு நேரம் போனாலும் முடியாத உடம்பு, கடைசியில் வால். மேலே ஏறியதும் மூன்றரை மீட்டர் இருக்கும் என்றார்கள். எனக்கு அந்த நேரத்தில் பயம் வரவே இல்லை. அது என்னைப் பார்த்தது. கறுப்புக் கண், பார்த்துவிட்டு ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டது.

எட்டு வருடம் ஆகிறது, இன்றும் கண்ணை மூடினால் அந்தப் பச்சை கறுப்பது தெரிகிறது. போகலாமா என்று கேட்டால், அன்றைக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்பேன். இன்றைக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும், அதை நாளைக்கு எழுதுகிறேன்.

2024 ஜூலை 7, காலை

அதற்கு முன் ஒரு அவசரக் குறிப்பு. வாந்தி. மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். பையனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று இங்கேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். படகு ஓடும்போது பிரச்சினை இல்லை, நங்கூரம் போட்டு நின்ற பிறகுதான் குமட்டும். மீன் எண்ணெயும் மத்தி மீன் கூழும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அந்தக் கவிச்சி வேறு. எங்கள் படகில் பாதிப் பேர் சுறாவைப் பார்க்காமல் வாளியைப் பார்த்தபடி இருந்தார்கள். என் மனைவி கரையில் நிற்கும் ஒரு வீட்டின் கூரையையே வெறித்துப் பார்த்து சமாளித்தாள், அந்த உபாயம் உண்மையாகவே வேலை செய்கிறது.

2024 ஜூலை 7, மாலை

சர்க்கஸ் என்று சொன்ன நண்பருக்கு.

கோபம் புரிகிறது. படகுக்கு வெளியே டூனா மீன் தலையைக் கயிற்றில் கட்டித் தூக்கி எறிகிறார்கள், சுறா கிட்டே வந்ததும் இழுத்துக்கொள்கிறார்கள். கடல்நாய் வடிவத்தில் வெட்டிய பலகையையும் மிதக்க விடுகிறார்கள். சுறாவை ஏமாற்றி வரவழைக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. நான் இருந்த படகில் இரண்டு முறை கயிறு இழுப்பவர் தாமதித்தார், சுறா தலையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. படகே கைதட்டியது. எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. அதற்குத் தீனி கொடுக்கக் கூடாது என்பதுதான் அங்கே விதி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தென்னாப்பிரிக்கா 1991-ல் வெள்ளைச் சுறாவைச் சட்டப்படி பாதுகாத்தது, உலகிலேயே முதல் நாடாக. அதற்கு முன் அதே கடலில் தாடையை அறுத்துச் சுவரில் மாட்டுவதற்காக அதைப் பிடித்தார்கள். செத்த சுறாவை ஒருமுறைதான் விற்க முடியும், உயிரோடு இருந்தால் தினமும் படகு நிறையும். கான்ஸ்பாயில் விடுதி, உணவகம், வண்டி ஓட்டுகிறவர் எனப் பாதி ஊருக்கு இந்த மீனால்தான் சோறு. அந்த ஊர்க்காரர்களைப் போல இந்த உயிருக்காகக் கவலைப்பட்ட ஆட்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மனிதரைக் கண்டால் தீனி என்று பழகிவிடாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அங்கே செய்த ஆய்வுகளில், மிதமான அளவில் நடக்கும் சுற்றுலாவால் பெரிதாகப் பழக்கம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. மீன் தலையைப் பிடிக்க முடியாத சுறா கொஞ்ச நேரத்தில் சலித்துப் போய்விடுகிறது. ஆனால் தென் ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் 2007-க்குப் பிறகு படகுகள் அதிகமானதும் சுறாக்கள் அதிக நாள் அங்கேயே தங்க ஆரம்பித்தன, அதன் பிறகு படகு போகும் நாட்களை அரசு குறைத்தது. ஆக, அளவு மீறினால் அதன் நடமாட்டம் மாறத்தான் செய்கிறது. உங்கள் நண்பர் சொல்வதில் இந்தப் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

2024 ஜூலை 8

திருத்தம். கண் கறுப்பு என்று எழுதியிருந்தேன். கடல் உயிரியல் படித்த தங்கை ஒருவர் தனிச் செய்தியில், வெள்ளைச் சுறாவின் கண்ணில் பாப்பாவைச் சுற்றி இருப்பது கருநீலம், வெளிச்சம் பட்டால் தெரியும் என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்னதும் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலம்தான். எட்டு வருடம் கறுப்பு என்றே எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

கடிக்கும் நேரத்தில் கண்ணைப் பின்னோக்கி உருட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். மூடிக்கொள்ள மற்றச் சில சுறாக்களுக்கு இருப்பது போல உள்ளிமை இதற்குக் கிடையாது. கடைசி நொடியில் பார்வையே இல்லாமல், மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகளால் இரையின் மெல்லிய மின்புலத்தை உணர்ந்துதான் வாய் வைக்கும். கூண்டுக் கம்பியைச் சில சமயம் கடித்துப் பார்ப்பதற்கும் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். உலோகம் கடல் தண்ணீரில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறதாம்.

2024 ஜூலை 9

யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். எழுதவே மனம் வரவில்லை.

2017 மே மாதம், நான் போய் வந்து ஒன்பதே மாதத்தில், கான்ஸ்பாய் கரையில் 4.9 மீட்டர் நீளப் பெண் வெள்ளைச் சுறா செத்து ஒதுங்கியது. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு. மார்புத் துடுப்புகளுக்கு நடுவில் கிழித்து ஈரலை எடுத்திருந்தார்கள் போல இருந்தது, உடம்பு பெரும்பாலும் அப்படியே கிடந்தது. செய்தது மனிதர் இல்லை, ஓர்கா என்னும் இரண்டு கொலைத் திமிங்கிலங்கள். ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றதற்கு வலப்பக்கம். அதனால் மாலுமிகள் பேச்சில் இடம், வலம் என்று பொருள்படும் போர்ட், ஸ்டார்போர்ட் என்ற பெயர்களையே வைத்தார்கள். சுறாவின் ஈரல் உடல் எடையில் கால் பங்குகூட வரும், முழுக்க எண்ணெய். அது போதும் அவற்றுக்கு.

ஒரு சுறா செத்ததும் மற்றவை ஓடிவிட்டன. முதலில் வாரக்கணக்கில், பிறகு மாதக்கணக்கில் திரும்பவில்லை. கேப் டவுன் பக்கம் ஃபால்ஸ் பே கரைகளில் மலைமேல் நின்று சுறாவைக் கண்காணிக்கும் ஷார்க் ஸ்பாட்டர்ஸ் குழு 2010 முதல் 2016 வரை வருடத்துக்குச் சராசரியாக 205 முறை வெள்ளைச் சுறாவைப் பார்த்திருக்கிறது. 2018-ல் 50. 2019-ல் ஒன்றுகூட இல்லை. நான் வேலை முடிந்து சனிக்கிழமைகளில் அங்கே மியூசன்பர்க் கரையில் நடப்பேன், சுறாவைக் கண்டதும் ஏற்றும் கொடி பறந்தால் எரிச்சல் வரும், குளிக்க முடியாதே என்று. அந்தக் கொடி ஏற வேண்டிய தேவையே இல்லாமல் போகும் என்று யார் நினைத்தார்கள்.

2023 ஜூனில், கான்ஸ்பாய்க்குக் கிழக்கே உள்ள மாஸல் பே பக்கம் ஸ்டார்போர்ட் தனியாகவே ஒரு இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் கொன்றது. ஈரலை வாயில் கவ்விக்கொண்டு படகைக் கடந்து போனதைப் படம் பிடித்திருக்கிறார்கள். ஓர்கா மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுவும் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படத்தை என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை.

2024 ஜூலை 9, பின்குறிப்பு

கேட்டவருக்கு நேரடிப் பதில்: இன்று கான்ஸ்பாயில் கூண்டில் இறங்கினால் பெரும்பாலும் பார்க்கப் போவது ப்ரான்ஸ் வேலர் என்று அவர்கள் சொல்லும் வெண்கல நிறச் சுறாவை. மூன்று மீட்டர் வரை வளரும், அழகான மீன். ஆனால் உங்கள் பையன் கேட்டது அது இல்லை.

2024 ஜூலை 12

என் இரண்டாவது பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் அலுவலக வேலையாக மறுபடி கேப் டவுன் போனபோது, மகளுக்குக் காட்டலாம் என்று வேறொரு நிறுவனத்தில் பதிவு செய்தேன். பக்கம் முழுக்க வெள்ளைச் சுறா வாயைப் பிளந்த படம். போனில் கேட்டேன், "சமீபத்தில் பார்த்தீர்களா?" என்று. "சுறா தினமும் வருகிறது" என்றார்கள். எந்தச் சுறா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. படகில் ஏறி, வெட்சூட் மாட்டி, கடலுக்குள் போன பிறகுதான் வழிகாட்டிப் பெண் மென்மையாகச் சொன்னார், இந்த வருடம் நாங்கள் வெள்ளைச் சுறாவைப் பார்க்கவில்லை என்று. பதிவுச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் "சுறா இனத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று இருந்ததாம்.

எனக்குக் கோபம் வந்தது. மகளுக்கு வரவில்லை, ஏழு வெண்கலச் சுறாக்களை எண்ணிவிட்டுக் குதித்தாள். கடல் கைவிட்டால் யாரும் குற்றவாளி இல்லை, அதைக் கரையிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். வழிகாட்டிகளில் பலர் உண்மையிலேயே மனம் உடைந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு சுறாவுக்கும் பெயர் வைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

அதனால் காசு கட்டும் முன் இப்படிக் கேளுங்கள்: கடந்த 30 நாளில் வெள்ளைச் சுறாவை எத்தனை நாள் பார்த்தீர்கள்? தினசரிப் பதிவேட்டைக் காட்ட முடியுமா? நேர்மையானவர்கள் காட்டுவார்கள்.

2024 ஜூலை 14

டர்பனில் இருக்கும் அண்ணா ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த தமிழர்கள், நான்கு தலைமுறையாக அந்தக் கரையில் மீன் பிடிக்கிற குடும்பம். அவர் கேட்டது இது: "ஓர்காவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாய் தம்பி, எங்கள் கரையில் தொங்கும் வலையைப் பற்றி ஏன் எழுதவில்லை?"

நியாயமான கேள்வி. டர்பனில் 1952 முதல் குளிக்கும் கரைகளுக்கு எதிரே சுறா வலை போடுகிறார்கள். நான் நினைத்திருந்தது போல அது கரையை மூடும் வேலி இல்லை. ஒவ்வொன்றும் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம், இரு முனையும் திறந்தே இருக்கும். சுறா மேலாலும் கீழாலும் பக்கவாட்டிலும் போகலாம், வரலாம். சுறாவின் எண்ணிக்கையைக் குறைத்துத்தான் அது பாதுகாப்புத் தருகிறது, அதாவது கொன்று. சட்டம் பாதுகாக்கும் அதே வெள்ளைச் சுறாவும் அதில் மாட்டிச் சாகிறது, ஆமையும் ஓங்கிலும் (டால்பின்) கூட. தன் அப்பா காலத்தில் வலை வந்த பிறகுதான் அம்மாக்கள் பிள்ளைகளைக் கடலில் இறங்க விட்டார்கள் என்றும் அண்ணாவே சொல்கிறார். இரண்டு பக்கமும் தெரிந்தவர் பேசும்போது கேட்டுக்கொள்வதே சரி.

2024 ஜூலை 15

ஓர்காதான் காரணம் என்று 9-ம் தேதி அடித்து எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். சுறாக்கள் கிழக்கே அல்கோவா பே பக்கம் நகர்ந்துவிட்டன, மொத்த எண்ணிக்கை குறையவில்லை என்று 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. அது தவறு, நகர்ந்ததற்கு ஆதாரம் போதாது, எண்ணிக்கையே சரிகிறது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சண்டை ஓயவில்லை. அதோடு, வெள்ளைச் சுறா தின்னும் சின்னச் சுறாக்களை நீண்ட தூண்டில் கயிறு போட்டு அள்ளி ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள், அங்கே மீன் வறுவல் கடைகளில் அது போகிறது. ஓர்கா விரட்டியது, பசி விரட்டியது, வலை குறைத்தது, மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பெண் சுறா குட்டி போடவே 30 வயதுக்கு மேல் ஆகலாம். 2017-ல் கரையில் கிடந்த அந்த 4.9 மீட்டர் பெண்ணை நினைத்துப் பாருங்கள், எத்தனை வருட உழைப்பு அது.

நானும் தூத்துக்குடிக்காரன், பால் சுறாப் புட்டு தின்று வளர்ந்தவன். என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா தினமும் அதைத்தான் கிண்டிக் கொடுத்தாள். அதைச் சாப்பிட மாட்டேன் என்று இப்போது சொல்லவில்லை. கூண்டிலிருந்து ஏறிய பிறகு சந்தையில் சுறாவைப் பார்க்கும்போது, இது குட்டியா, பெரிதா, எந்த இனம் என்று ஒரு நொடி நின்று பார்க்கிறேன்.

2024 ஜூலை 21

பாதுகாப்பு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மெக்சிகோவின் குவாடலூப் தீவில் 2016-ல் ஒரு சுறா கூண்டுக்குள் புகுந்த காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது தாக்கவில்லை. தூண்டில் மீனைப் பாய்ந்து கவ்வியது, வேகத்தில் கம்பிக்குள் நுழைந்துவிட்டது, சுறாவால் பின்னால் நீந்த முடியாது, அதனால் துடித்தது. உள்ளே இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2019-ல் அதே தீவில் இன்னொரு சுறா கம்பிக்கிடையில் தலை மாட்டிக்கொண்டு ரத்தம் ஒழுகப் போனது, பிழைத்திருக்காது என்றே பலர் சொன்னார்கள். 2023 ஜனவரியில் மெக்சிகோ அங்கே சுறாச் சுற்றுலாவையே நிறுத்திவிட்டது. இந்த இரண்டிலும் அடிபட்டது சுறாதான் என்பதைக் கவனியுங்கள்.

பையன் விஷயத்தில் நான் சொல்வது: கையையும் விரலையும் கம்பிக்கு வெளியே நீட்டக் கூடாது, கேமராவையும்தான். உள்பக்கம் பிடித்துக்கொள்ளத் தனிக் கம்பி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வெள்ளைச் சுறாவேதான் வேண்டும் என்றால் நெப்டியூன் தீவுகள், போர்ட் லிங்கனிலிருந்து படகு. 1963-ல் மீன் ஈட்டிப் போட்டியில் சுறா கடித்து நூற்றுக்கணக்கில் தையல் போட்டுப் பிழைத்த ராட்னி ஃபாக்ஸ்தான் அங்கே கூண்டுப் பயணங்களைத் தொடங்கிவைத்தவர். விலங்குக் காட்சிசாலையில் சிங்கத்தைக் கூண்டில் பார்த்தபோது, நாம் கூண்டுக்குள் போனால் என்ன என்று தோன்றியதாம். தன்னைக் கடித்த மீனைப் பாதுகாக்கணும் என்று பிற்காலம் முழுக்கப் பேசினார். இதை நான் என் மகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

2024 செப்டம்பர் 4

கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. காற்றால் மூன்று நாள் படகே போகவில்லையாம், நான்காம் நாள் போனார்கள். வெண்கலச் சுறா நான்கு, திரும்பும் வழியில் வாக்கர் பேயில் தாயும் குட்டியுமாகத் திமிங்கிலம். முன்பே சொல்லிக் கூட்டிப் போனதால் பையன் ஏமாறவில்லை, ஆனால் படகில் அவன் வழிகாட்டியிடம் கேட்டானாம்: "அதுங்க திரும்பி வருமா?" அந்த மனிதர் கொஞ்ச நேரம் தீவைப் பார்த்துக்கொண்டு நின்றார், பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்.

2024 செப்டம்பர் 5

நேற்று அதைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்து 2016 படங்களைத் தேடினேன். வெள்ளைச் சுறாவின் முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் இருக்கும் வெட்டுகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள், நமக்குக் கைரேகை போல. நவம்பர் 2003-ல் டயர் தீவுப் பக்கம் அடையாளக் கருவி பொருத்திய நிக்கோல் என்ற சுறா மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு ஒன்பது மாதத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பியதை உறுதி செய்ததும் துடுப்புப் படத்தால்தான். 20,000 கிலோமீட்டர் போய்த் திரும்பியது.

என் படத்தில் துடுப்பு தெளிவாக விழுந்திருக்கிறது. நுனிக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு சின்ன வெட்டு, அரிவாள் பல் மாதிரி. பாதி உயரத்தில் ஒரு பெரிய வெட்டு, பிறைவடிவம். அடியில், இடப்பக்கம் மட்டும், கட்டைவிரல் அளவு வெள்ளைத் தழும்பு. 2017 மே மாதத்துக்குப் பிறகு மாஸல் பேயிலோ அல்கோவா பேயிலோ வேறு எங்கேயோ கூண்டில் இறங்கிய யாராவது இருந்தால், உங்கள் படங்களில் இந்தத் துடுப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். படத்தை இன்று இரவு ஏற்றிவிடுகிறேன்.